மலைக்காற்றும் கேபினெட் ஃபேனும்

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வீட்டுக் கம்ப்யூட்டரின் சத்தம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சலுக்குள் கம்ப்யூட்டர் பெட்டியின் கேபினெட் ஃபேன் சத்தம் அடங்கிவிடும். அதே கம்ப்யூட்டரை ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ கொண்டுவந்து வைத்தால் கதையே வேறு. இங்கே பாதி வீடுகளில் சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இருக்காது. குளிருக்கு ஜன்னலையும் சாத்தியிருப்போம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அறையில் சத்தம் போடுவது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். கீழே எவருக்கும் உறைக்காத 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1200 சுற்று) இங்கே தூக்கத்தைக் கெடுக்கும்.

"இந்தக் குளிருக்கு ஃபேனே எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி, குன்னூர் 1,850 வாக்கில். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 76 சதவீதம்தான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. 32 டிகிரியில் இருக்கும் சென்னைக் காற்று ஒரு கன மீட்டருக்கு சுமார் 1.15 கிலோ எடை. 18 டிகிரியில் இருக்கும் ஊட்டிக் காற்று சுமார் 0.92 கிலோ. ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றினால் எங்கே வைத்தாலும் ஒரே கன அளவுக் காற்றைத்தான் தள்ளும். ஆனால் சூட்டைச் சுமந்து போவது காற்றின் எடை. ஆகவே அதே ஃபேன், அதே வேகத்தில், இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே சூட்டை வெளியேற்றுகிறது.

இதை எண்ணில் வைத்துப் பார்ப்போம். கேம் ஓடும்போது 300 வாட் இழுக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதன் கேபினெட் வழியாக நிமிடத்துக்கு 60 கன அடிக் காற்று போகிறது என்று கொள்வோம். சென்னையில் அந்தக் காற்று 9 டிகிரி சூடேறி, 41 டிகிரியில் வெளியே வரும். ஊட்டியில் 11.5 டிகிரி சூடேறும். ஆனால் தொடங்கியதே 18-ல் என்பதால் வெளியே வருவது 29.5 டிகிரிதான். இப்போது காற்றோட்டத்தை 35 கன அடிக்குக் குறைத்துவிடுங்கள். காற்று 19.5 டிகிரி சூடேறி, 37.5-ல் வெளியே வரும். அப்போதும் சென்னையைவிடக் குறைவு. பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோக ஹீட்சிங்க்கும் மெல்லிய காற்றில் கொஞ்சம் திணறும், பிராசசர் அறைச் சூட்டைவிட 40 டிகிரி மேலே நின்ற இடத்தில் இங்கே 45 வாக்கில் நிற்கும். அதையும் கழித்துவிட்டால்கூட லாபம் நம் பக்கம்தான்.

ஃபேன் வேகமும் காற்றோட்டமும் நேர் விகிதம். 60-லிருந்து 35 என்றால் 1200 ஆர்பிஎம்-லிருந்து 700. சத்தம் அப்படி நேர் விகிதத்தில் இறங்குவதில்லை, வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். மேலே சொன்ன குறைப்புக்கு 11, 12 டெசிபல் கிடைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். மலை கொடுக்கும் இந்தச் சலுகையை வேகத்தைக் குறைப்பதில்தான் செலவழிக்க வேண்டும். ஃபேன்களைக் கழற்றிவிடுவதில் செலவழிக்கக் கூடாது. ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் காற்று ஏறத்தாழ அதே அளவுதான், சத்தம் 12 டெசிபல் குறைவு.

முதலில் கேபினெட்டோடு வந்த ஃபேன்களைப் பாருங்கள். விலை குறைந்த கேபினெட்களில் கலர் லைட் ஃபேன் மூன்று நான்கு மாட்டியே வரும். அவற்றின் வயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) மோலெக்ஸ் கனெக்டருக்குப் போனால் வேகத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. 12 வோல்ட்டில் எப்போதும் முழு வேகம்தான். ரிமோட்டோடு வரும் ஆறு பின் ஹப் வகையும் ஏறக்குறைய இதே கதை, மதர்போர்டால் அதைச் சரியாக ஆள முடியாது. இவற்றை வைத்துக்கொண்டு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எத்தனை கர்வ், அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோடு, வரைந்தாலும் வீண்தான். கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டால் வேகத்தை மாற்ற முடிகிற நான்கு பின் பிடபிள்யூஎம் ஃபேன் மூன்று வாங்குங்கள்: முன்பக்கம் 140 மில்லிமீட்டர் இரண்டு, பின்பக்கம் 120 ஒன்று. முன்னால் 140-க்கு இடமில்லை என்றால் 120. ஆர்க்டிக் பி14, பி12 இரண்டும் விலைக்கு நல்ல சரக்கு. பி12 1000 ஆர்பிஎம் வாக்கில் ரீங்காரம் போடும் என்று பலரும் சொல்வார்கள். மலையில் அந்த வேகத்துக்கே போகத் தேவையிருக்காது. காசு கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால் நாக்டுவா கம்பெனி ஃபேன். பேரிங் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதா ஸ்லீவ் பேரிங்கை விட்டு ஃப்ளூயிட் டைனமிக் வகையை எடுங்கள். காரணம் குளிர், அதற்குப் பிறகு வருகிறேன்.

மாட்டும் திசையில் தவறு நடப்பது சாதாரணம். ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி, அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்பக்க ஃபேன்களில் அது கேபினெட்டுக்கு உள்ளே பார்க்க வேண்டும், பின்பக்க ஃபேனில் வெளியே. மேலே ஃபேன் மாட்ட இடம் இருந்தால் காலியாகவே விடுங்கள். குறிப்பாக மேலே முன்பக்கமாக வெளியேற்றும் ஃபேன் மாட்டினால், முன்னால் உள்ளே வந்த குளிர்ந்த காற்று பிராசசர் கூலரைத் தொடும் முன்பே மேலே போய்விடும். ஆறு ஃபேன் மாட்டியும் சூடு குறையவில்லை என்று புலம்பும் கேபினெட்களில் பாதி இந்த வகை.

உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் அது தானாக அமையும். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பின்பக்க இடுக்குகளுக்கு அருகே சில வினாடிகள் பிடித்தால் தெரிந்துவிடும். புகை வெளிப்பக்கம் விலகினால் சரி, இடுக்குக்குள் இழுபட்டால் பின் ஃபேனின் வேகத்தைக் குறையுங்கள். இடுக்கு வழியாக உள்ளே வரும் காற்று ஃபில்ட்டரைத் தொடாமல் வரும் காற்று. லாரிப் புழுதி இங்கே குறைவுதான். அதற்குப் பதில் கணப்பு அடுப்பின் கரி, கம்பளியிலிருந்து உதிரும் நூல், வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சி என்று வேறு பட்டியல் இருக்கிறது. கரி கலந்த தூசு ஒட்டும் தன்மையுள்ளது, ஊதினால் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால்தான் இறக்கையைத் துடைக்க வேண்டும்.

முன்பக்கம் கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ இருந்து ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு மட்டும் இருக்கிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். லோடு கொடுத்து 20 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு மறுபடி 20 நிமிடம். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் தொண்டை அடைப்பது அந்தப் பேனல்தான், ஃபேனை மாற்றிப் பயனில்லை. சத்தத்துக்கும் இது பொருந்தும். ஃபேன் காற்றை இழுக்கும் பக்கத்தில் மிக நெருக்கமாகத் தடை இருந்தால் இறக்கை கலங்கிய காற்றை வெட்டும், அதுதான் அந்த ஊளைச் சத்தம். ஃபேனுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே வித்தியாசம் கேட்கும். இறக்கையை உடைத்தெடுத்த பழைய ஃபேனின் சட்டம் இதற்கு அருமையான ஸ்பேசர்.

ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் பின் போட்டால் அதிர்வு தகரத்துக்குப் போகாது. பழைய பங்களா வீடுகளில் மரத்தளம் இருக்கும், கேபினெட்டைத் தரையில் வைத்தால் தளமே மத்தளம் போல் அதிரும். நான்கு காலுக்கும் கீழே கெட்டியான ஃபோம் துண்டு வையுங்கள். ரூம் ஹீட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம். அறை முழுக்க 18 டிகிரி என்றாலும் ஹீட்டர் முன்னால் முழங்கால் உயரத்தில் காற்று 30-ஐத் தாண்டும், முன்பக்க ஃபேன் அதைத்தான் குடிக்கும். (பின்பக்கத்தைக் காலைப் பார்த்துத் திருப்பி வைத்து, வரும் சூட்டில் பாதத்தைக் காய்ச்சுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.)

வயரிங்கில் சிக்கல் மூன்று இடங்களில் வரும். மூன்று பின் ஃபேனை மாட்டி ஹெடரை (மதர்போர்டில் ஃபேன் வயர் செருகும் இடம்) பிடபிள்யூஎம் மோடில் விட்டால் அது முழு வேகத்தில்தான் ஓடும், பயாஸில் அந்த ஹெடரை, வோல்ட்டேஜால் வேகத்தை மாற்றும் டிசி மோடுக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது, பம்ப் என்று எழுதியிருக்கும் ஹெடர். வாட்டர் கூலருக்கான அது பெரும்பாலும் முழு வேகத்திலேயே அமைந்து வரும். மூன்றாவது, ஒரு ஹெடரில் இரண்டு ஃபேன் மாட்ட உதவும் ஸ்ப்ளிட்டர் வயர். ஒரு ஹெடரின் பொதுவான வரம்பு 1 ஆம்பியர். சாதாரண ஃபேன் 0.1 முதல் 0.3 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் முன்பக்க இரண்டையும் ஒரே ஹெடரில் ஓட்டலாம். ஆனால் வேகம் சொல்லும் வயர் ஒரு ஃபேனிலிருந்துதான் வரும். இரண்டாவது நின்றுபோனாலும் திரையில் தெரியாது. அவ்வப்போது கண்ணால் பார்ப்பதுதான் வழி.

இனி கர்வ். வேலையில் முக்கால் பங்கு இங்கேதான்.

முதலில் ஃபேன் எந்த வேகத்துக்குக் கீழே நிற்கும், எதில் தொடங்கும் என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 18 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கும், நின்ற ஃபேன் கிளம்ப 28 தேவைப்படலாம். லினக்ஸில் பிடபிள்யூஎம்கான்ஃபிக் என்ற கருவி இந்த இரண்டையும் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் என்று தனித்தனியாக எழுதி வைப்பது இதனால்தான். மலையில் இன்னொரு சங்கதி சேர்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் விடியற்காலை அறைக்குள்ளேயே 8 டிகிரி இருக்கும். பேரிங்குக்குள் எண்ணெய் கெட்டியாகியிருக்கும், ஸ்லீவ் பேரிங்கில் இது மோசம். மத்தியானம் 25 சதவீதத்தில் அழகாகக் கிளம்பிய ஃபேன் காலையில் முக்கி நின்றுவிடும், அல்லது முதல் பத்து நிமிடம் கரகரக்கும். அதனால் இந்தச் சோதனையைக் குளிர்ந்த காலையில், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் செய்யுங்கள். 20 சதவீதத்தில் தொடங்கி 5, 5 ஆக ஏற்றுங்கள். கிளம்பும் புள்ளியோடு இன்னும் 5 சேர்த்து அதையே குறைந்தபட்ச வேகமாக வையுங்கள். பயாஸில் ஃபேன் வேகத்தின் கீழ் வரம்பு 600 என்று இருந்தால் 500-ல் ஓடும் ஃபேனைப் பழுது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லும். வரம்பை 200-க்கு இறக்குங்கள்.

அடுத்தது, எந்த வெப்பநிலையைப் பார்த்து ஃபேன் ஓட வேண்டும் என்பது. பயாஸ் தானாகத் தேர்ந்தெடுப்பது பிராசசரை. பிரௌசர் திறந்தாலே பிராசசர் ஒரு வினாடியில் 20 டிகிரி எகிறும், அடுத்த வினாடி இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். 800 ஆர்பிஎம்-ல் சீராக ஓடும் ஃபேனைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். 550-க்கும் 800-க்கும் நடுவே ஊசலாடும் ஃபேனை மறக்கவே மறக்காது. கேபினெட்டுக்குள் காற்று சூடாக 10, 15 நிமிடம் ஆகும். ஒரு வினாடி எகிறலுக்குக் கேபினெட் ஃபேன் ஓடிவந்து செய்ய ஒன்றுமில்லை.

எனவே கர்வ் செங்குத்தாக ஏறக் கூடாது, நீளமாகத் தட்டையாக இருக்க வேண்டும். தொடங்க ஒரு அமைப்பு: முன்பக்க 140 இரண்டும் 600 ஆர்பிஎம், பின்பக்க 120 700 ஆர்பிஎம், பிராசசர் 65 டிகிரி தொடும் வரை அசையாமல். 65-லிருந்து 80 வரை மெல்ல ஏறி 900. 85-க்கு மேல் முழு வேகம், அது ஆபத்துக்காக மட்டும். ஹிஸ்டெரிசிஸ், அதாவது சூடு இவ்வளவு மாறினால்தான் வேகத்தை மாற்று என்ற அளவு, 5 டிகிரி. ஸ்டெப் அப் டைம் (வேகம் ஏற எடுக்கும் நேரம்) என்று இருந்தால் போர்டு எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவும்.

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பயாஸ் மட்டும் போதாது. பெரும்பாலான போர்டுகளின் பயாஸுக்குக் கார்டின் சூடு தெரியாது. கேம் ஆடும்போது பிராசசர் 60-ல் இருக்க, கார்டு 200 வாட்டைக் கேபினெட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் மிக்ஸ் என்ற வசதி உண்டு. பிராசசர் கர்வ், கார்டு கர்வ் இரண்டையும் போட்டு, எது அதிகமோ அதை எடு என்று சொல்லிவிடலாம். பல கார்டுகள் 50, 55 டிகிரிக்குக் கீழே தம் ஃபேனையே நிறுத்திவிடும். கேபினெட்டில் காற்றோட்டம் துளியும் இல்லாவிட்டால் கார்டு மெல்லச் சூடேறி அந்தக் கோட்டைத் தாண்டும், ஃபேன் கிளம்பும், குளிரும், நிற்கும், மறுபடியும். இரவில் இதைவிட எரிச்சல் வேறில்லை. முன்பக்கம் 600 ஆர்பிஎம் விடாமல் ஓடினால் கார்டு அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். குளிருக்கு ஃபேனே வேண்டாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அளக்கும்போது பிராசசர் வெப்பநிலையை மட்டும் எழுதி வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே ஜனவரிக் காலையும் ஏப்ரல் மத்தியானமும் அறைக்குள் 15 டிகிரி வித்தியாசப்படும். அறையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து எழுதுங்கள். ஜனவரியில் 8 டிகிரி அறையில் 56 என்றால் வித்தியாசம் 48. ஏப்ரலில் 23 டிகிரி அறையில் அது 71 ஆகும், தட்டையான பகுதியைத் தாண்டிவிடும். குளிர்காலத்தில் அமைப்பவர்கள் 15 டிகிரியைக் கூட்டிப் பார்த்துவிட்டு கர்வ் போடுவது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் "வ்வூ... வ்வூ..." என்று அலையலையாக ஒரு ஒலி வரலாம். பேரிங் பழுது என்று நினைத்து ஃபேனை மாற்றிவிடாதீர்கள். ஒன்பது இறக்கை ஃபேன் 800 ஆர்பிஎம்-ல் சுற்றினால் அதன் இறக்கை ஒலி 120 ஹெர்ட்ஸ். பக்கத்து ஃபேன் 780-ல் சுற்றினால் 117. இரண்டும் கலக்கும்போது வினாடிக்கு மூன்று முறை சத்தம் ஏறி இறங்குவதாகக் காதுக்குக் கேட்கும். ஒரே மாடல் ஃபேன் இரண்டை ஒரே ஹெடரில் ஓட்டினாலும் வேகம் பத்து இருபது ஆர்பிஎம் விலகத்தான் செய்யும். தனித்தனி ஹெடரில் போட்டு வேகத்தை 100 ஆர்பிஎம் தள்ளி வையுங்கள், அலை மறைந்துவிடும். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கின் சுழற்சியும் சரியாக 120 ஹெர்ட்ஸ்தான். அதனால் ஹார்ட் டிஸ்க் இருக்கும் கேபினெட்டில் ஒன்பது இறக்கை ஃபேனை 800-ல் வைக்க வேண்டாம், 700 நல்லது. எந்த ஃபேன் என்று கண்டுபிடிக்க, ஓடும்போது குறுக்குக் கம்பி இல்லாத பக்கத்தில் சுற்றும் நடுப்பகுதியின் மேல் விரலை மெதுவாக அழுத்தி ஒவ்வொன்றாக ஒரு வினாடி நிறுத்திப் பாருங்கள். மெதுவான வேகத்தில் மட்டும், இறக்கையில் கைபடாமல்.

ஈரத்தைப் பற்றிப் பயம் கூடுதலாகவே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள் அறையைவிடச் சூடு அதிகம், அங்கே பனித்துளி கட்டாது. குளிர்ந்த தகடு சூடான ஈரக்காற்றைச் சந்திக்கும்போதுதான் நீர் படியும். ஆகவே கீழிருந்து மலைக்கு ஏற்றிவரும் கம்ப்யூட்டருக்கு ஆபத்து குறைவு. குளிர்ந்து கிடந்ததை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கும்போதுதான் கவனம் வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஸ்விட்ச் போடுங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் கேபினெட்டை மதர்போர்டு கீழே கிடையாக வரும்படி படுக்க வையுங்கள். ஒரு கிலோ எடையுள்ள டவர் கூலர் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியே போர்டை வளைத்துவிடும்.

ஜூன் தொடங்கிவிட்டால் கம்ப்யூட்டரை நாள் கணக்கில் அணைத்துப் போடாதீர்கள், தினம் அரை மணி நேரம் ஓடட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். ஃபில்ட்டரைக் கழுவினால் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. காயாமல் மாட்டினால் ஃபேன் அந்தத் துளிகளை உள்ளே இழுக்கும். மாற்று ஃபில்ட்டர் ஒன்று கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றும் ஃபேன் பேரிங்கையும் கெடுக்கும், ஜெனரேட்டராக மாறி ஹெடருக்கும் மின்சாரம் அனுப்பும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு இரைச்சல் மிச்சம் இருந்தால் கேபினெட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் கேட்டால் அது இன்வெர்ட்டர். மரம் விழுந்து கரண்ட் போய் வந்த பிறகு பேட்டரி சார்ஜ் ஏறும் வரை அதன் ஃபேன் ஓடும். அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.